எல்லர்பாக் சாலையின் நடுக்குழி

எல்லர்பாக் கிராமத்துக்குள் நுழையும் தார்ச்சாலையில், தேவாலயத்துக்குக் கொஞ்சம் முன்னால், மூன்று இரும்பு மூடிகள் வரிசையாக இருந்தன. பார்வைக்குச் சாக்கடை மூடிகள் மாதிரிதான். ஆனால் அவற்றில் தண்ணீர் இறங்க ஓட்டை கிடையாது. அந்த இடத்தில் சாக்கடையும் கிடையாது. ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஆறு மீட்டர் ஆழத்துக்குக் குழி. கிழக்கிலிருந்து ரஷ்யர்களின் டாங்கிகள் வரும் நாளில் வெடிமருந்தை இறக்கி, சாலையையும் அதை ஒட்டிய மலைச்சரிவையும் பெயர்த்துப் போடுவதற்காக மேற்கு ஜெர்மன் ராணுவம் வெட்டி வைத்தவை. ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சைக்கிளில் போகிறவர்கள் மட்டும் மூடிகளைச் சுற்றி வளைத்துப் போவார்கள்.

மூடிகளைப் பார்த்துக்கொள்வது எவால்ட் லோட்ஸின் வேலை. பதவியின் பெயர் அரண் மேஸ்திரி. சாலைப் பணியாளர் மாதிரி ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, பழைய வேனில் போய், ஒவ்வொரு மூடியாகத் திறந்து, உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று கோல் விட்டுப் பார்த்து, திருகாணிக்கு கிரீஸ் தடவி, மூடிவிட்டு வருவார். அவர் பொறுப்பில் அந்த மலைப்பகுதி முழுவதும் நாற்பதுக்கு மேல் குழிகள் இருந்தன. சொந்த ஊர் வாசலில் இருந்தவை இந்த மூன்று.

எவால்டுக்கு இந்த வேலையில் நம்பிக்கை இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

எல்லர்பாக்கிலிருந்து மூன்று கிலோமீட்டர் கிழக்கே லிண்டன்ஹைன். இரண்டும் ஒரே ஓடையில் தண்ணீர் எடுத்த ஊர்கள். எவால்டின் அப்பா போரிலிருந்து திரும்பவில்லை. அம்மா நாற்பத்தாறாம் வருடக் குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது எவால்டுக்குப் பதினைந்து வயது, அக்கா கெர்லிண்டேக்குப் பத்தொன்பது. மற்றவர்கள் அறுவடை செய்துவிட்டுப் போன வயல்களில் மண்ணைக் கிளறி, விட்டுப்போன உருளைக்கிழங்கைப் பொறுக்கிக்கொண்டுவந்து அவித்துப் போட்டுத் தம்பியை வளர்த்தவள் அவள்தான். நாற்பத்தொன்பதில் லிண்டன்ஹைனில் மர அறுவை ஆலை வைத்திருந்தவரின் மகன் ஆர்னோவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அப்போது நடுவில் ஒரு எல்லைக்கோடு இருந்தது. இந்தப் பக்கம் அமெரிக்கர்கள், அந்தப் பக்கம் ரஷ்யர்கள். ஆனால் காவலுக்கு நிற்கும் பையனுக்கு ஒரு சிகரெட் கொடுத்தால் கோடு நகர்ந்துகொள்ளும். எவால்ட் ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

ஐம்பத்திரண்டு மே மாதக் கடைசியில் கோடு இறுகியது. ஓர் இரவில் கிழக்குப் பக்க அரசாங்கம், யார் கால் வைத்தாலும் தடம் தெரியும்படி, பத்து மீட்டர் அகலத்துக்கு நிலத்தை உழுது போட்டது. ஒரு வாரம் கழித்து எவால்ட் மேட்டுக் காட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, கீழே லிண்டன்ஹைனில் லாரிகள் வந்து நின்றதைப் பார்த்தார். அரசாங்கத்துக்கு நம்பிக்கை இல்லாத குடும்பங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள். நான்கு மணி நேரத்துக்குள் எட்டு வீடுகள் காலி. கட்டில், தொட்டில், கோழிக்கூடு எல்லாம் லாரியில் ஏறின. பசு கத்திக்கொண்டே நின்றது, அதை யாரும் ஏற்றவில்லை. கெர்லிண்டே வீட்டு வாசலிலும் ஒரு லாரி நின்றது. பிறகு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. எவால்ட் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த லாரிகள் இந்தச் சாலையில் இறங்கி வரக்கூடாது என்று அன்றைக்கு அவர் மனதில் விழுந்ததுதான், பிறகு ராணுவத்தில் சேர்ந்ததும், அரண் மேஸ்திரி ஆனதும், எல்லாம்.

ஆர்னோ கட்சியில் சேர்ந்தார். கெர்லிண்டேயின் கடிதங்களில் எப்போதாவது அவர் குரல் எட்டிப்பார்க்கும். ‘உங்க அமெரிக்காக்காரன் குண்டைக் காட்டி மிரட்டுறவரைக்கும் இங்க வேலி இருக்கத்தான் செய்யும்னு அவர் சொல்றார்’ என்று எழுதுவாள். அடுத்த வரியிலேயே ‘இருமலுக்கு வெங்காயச் சாறு குடிச்சியா?’ என்று இருக்கும்.

எழுபத்திரண்டில் ராணுவம் எவால்டை நான்கு நாள் கட்டாய விடுப்பில் அனுப்பியது. திரும்பி வந்து பார்த்தபோது எல்லர்பாக் சாலையின் நடுக்குழி அகலமாகியிருந்தது. உள்ளே புதுச் சிமெண்டு வளையங்கள். வழக்கமான வெடிமருந்துப் பெட்டிக்கு அவ்வளவு அகலம் வேண்டியதில்லை.

“இது எதுக்கு கேப்டன்?” என்று மேலதிகாரியிடம் கேட்டார்.

“பெரிய சரக்குக்கு.”

“என்ன சரக்கு?”

“லோட்ஸ், நீ மூடிக்கு கிரீஸ் தடவுறவன். மூடிக்கு கிரீஸ் தடவு.”

எவால்ட் குழிக்குத் திரும்பிப் போனார். அளவுகோலை விட்டு அகலத்தை அளந்தார். அமெரிக்கர்களிடம் தோளில் சுமக்கக்கூடிய அணுகுண்டுகள், பீப்பாய் அளவிலான அணுகுண்டுகள் இருக்கின்றன என்று ராணுவ முகாமின் சாப்பாட்டு அறையில் அரசல் புரசலாகப் பேசிக்கொள்வார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால் அந்த மூடி எவ்வளவு தூரம் என்று எட்டி எட்டிப் பார்த்தார். மனைவி இர்ம்காட், “என்ன, யாராச்சும் வர்றாங்களா?” என்று கேட்டாள். “யாருமில்ல” என்றார்.

அடுத்த வருடம் இரண்டு ஜெர்மனிகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. எல்லையோர மேற்கு ஊர்க்காரர்கள் பகல் வேளைகளில் கிழக்கே போய் உறவினரைப் பார்த்து வரலாம். எல்லர்பாக்கே கோலாகலமாகிவிட்டது. காப்பிப்பொடியும் காலுறையும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு ஆட்கள் கிளம்பினார்கள். எவால்டால் மட்டும் முடியாது. ராணுவ ரகசியம் தெரிந்தவர் கம்யூனிஸ்ட் நாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஏன் வரமுடியாது என்பதை எழுதவும் கூடாது. கடிதங்களை அந்தப் பக்கம் பிரித்துப் படிப்பார்கள்.

இர்ம்காட் தனியாகப் போனாள். லிண்டன்ஹைன் எல்லையோரத் தடைப் பகுதிக்குள் இருந்ததால் அங்கே போகமுடியாது. மாவட்டத் தலைநகரில் ஒரு காப்பிக் கடையில் கெர்லிண்டே காத்திருந்தாள்.

திரும்பி வந்ததும் எவால்ட் வாசலிலேயே நின்று கேட்டார். “என்ன சொன்னா?”

“என்ன சொல்லுவாங்க? ‘அவன் ஏன் வரல’ன்னாங்க. முதுகு வலின்னேன். ‘இருபத்தொரு வருஷமாவா முதுகு வலிக்குது’ன்னு கேட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ரெண்டு துண்டு கேக் சாப்பிட்டோம். ஒரு துண்டை உனக்குன்னு தாள்ல சுத்திக் குடுத்தாங்க. சோதனைச் சாவடில பிரிச்சுப் பாத்து உடைச்சுட்டானுங்க.”

எவால்ட் அந்தத் தூளைத் தின்றார்.

இர்ம்காட் நான்கு முறை போய்வந்தாள். எழுபத்துநான்கு இலையுதிர்காலத்தில் கெர்லிண்டேயிடமிருந்து கடிதம் வந்தது. நான்கே வரி. ‘இனிமேல் இர்ம்காட் வர வேண்டாம். எங்களுக்கு வேலை அதிகம். நீயும் எழுத வேண்டாம். உனக்கு வர மனமில்லாதபோது மற்றதெல்லாம் எதற்கு.’ எவால்ட் அதை நூறு தடவையாவது படித்திருப்பார். வெங்காயச் சாறு பற்றி எங்கும் இல்லை. மூன்று பதில் எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

இப்படியே ஒன்பது வருடம் போனது.

எண்பத்து மூன்றாம் வருடத்தை எல்லர்பாக்கில் யாரும் மறக்க மாட்டார்கள். அமெரிக்கர்கள் புது ஏவுகணைகளை ஜெர்மன் மண்ணில் நிறுத்தப் போகிறார்கள் என்று ஊர் ஊராக ஊர்வலம். ரஷ்யர்களின் ஏவுகணைகள் ஏற்கெனவே இந்தப் பக்கம் பார்த்து நின்றன. செப்டம்பரில் ரஷ்யர்கள் ஒரு கொரியப் பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதற்கு அடுத்த வாரம் எல்லர்பாக் கடையில் மாவும் மெழுகுவத்தியும் தீர்ந்துபோயின. மளிகைக்காரர் வேடிக்கையாக, “மெழுகுவத்தி எதுக்குய்யா, அது விழுந்தா ஊரே வெளிச்சமாத்தானே இருக்கும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எவால்டின் ஒரே மகள் அல்முட் அப்போது நகரத்தில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தாள். இருபத்துநான்கு வயது. வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவாள். ஒரு ஞாயிறு மதியம், பிளம்ஸ் கேக்கை வெட்டும்போது பேச்சு முற்றியது.

“அப்பா, அந்த நடுக்குழில என்ன வைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சது எனக்கு. நீ கேக்கைச் சாப்பிடு.”

“அது வெடிச்சா இந்த வீடு இருக்காது. தெரியும்ல?”

“முன்னாடியே ஜனங்களை வெளியேத்திருவாங்க.”

“எத்தனை மணி நேரத்துல?”

எவால்ட் கத்தியை எடுத்துக் கேக்கின் அடுத்த துண்டை வெட்டினார். அந்தக் கேள்வியை அவரும் கேப்டனிடம் கேட்டிருந்தார். ‘நிலைமையைப் பொறுத்து’ என்று பதில் வந்திருந்தது.

“அத்தை வீடு அங்கேருந்து மூணு கிலோமீட்டர்” என்றாள் அல்முட்.

“அல்முட்!” என்று இர்ம்காட் அதட்டினாள்.

“நீ அம்பத்திரண்டுல பொறக்கல” என்றார் எவால்ட். “நான் பாத்தேன். நாலு மணி நேரத்துல எட்டு வீடு. அவங்க இங்க வரக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“வரக்கூடாதுதான். அதுக்கு நம்ம வீட்டை நாமளே கொளுத்திக்கிறதா?”

எவால்ட் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அல்முட் அன்று சாயங்காலப் பேருந்தில் ஏறும்போது அப்பாவைக் கட்டிக்கொண்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கூட.

அக்டோபர் நடுவில் ஒரு காலை, ஏழரை மணி இருக்கும். ஓடையிலிருந்து எழுந்த பனிமூட்டம் சாலையை மூடியிருந்தது. எவால்ட் முதல் மூடியைத் திறந்து பார்த்து மூடினார். நடுமூடியின் திருகாணியைச் சுழற்றியபோதே கை கண்டுகொண்டது: யாரோ அண்மையில் திறந்திருக்கிறார்கள். மூடியைத் தூக்கினார். இருட்டுக் குழி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சாண் கீழே, வழவழப்பாகப் பூசிய சாம்பல் நிறச் சிமெண்டு. குனிந்து விரலால் தட்டினார். கல்லாகியிருந்தது.

அங்கங்கே போராட்டக்காரர்கள் குழிகளில் கான்கிரீட் ஊற்றுகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அவர்கள் கடப்பாரையால் நெம்புவார்கள், திருகாணி நசுங்கியிருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. இங்கே திருகாணியில் ஒரு கீறல் இல்லை. அதற்கென்று செய்த சாவியால் திறந்திருக்கிறார்கள். அந்தச் சாவி மாவட்டத்தில் இரண்டு. ஒன்று ராணுவ முகாமின் இரும்பு அலமாரியில். இன்னொன்று எவால்ட் வீட்டு நிலவறையில், ஆணியில்.

பனியிலிருந்து அமெரிக்க ரோந்து ஜீப் ஒன்று வந்து வேகத்தைக் குறைத்தது. ஓட்டிய சிப்பாய் கையசைத்தான். எவால்டும் கையசைத்தார். ஜீப் போனதும் மூடியை இறக்கினார். திருகாணிக்கு கிரீஸ் தடவினார். வேனுக்குள் உட்கார்ந்து, பதிவேட்டில் அந்தக் குழியின் எண்ணுக்கு நேரே ‘நன்னிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்தொன்பது வருட வேலையில் அவர் எழுதிய முதல் பொய் அது. எழுதி முடித்ததும் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அல்முட் வந்தாள். சாப்பிட்டு முடித்துத் தட்டுகளை எடுத்தபோது எவால்ட் சொன்னார்: “நிலவறைச் சாவியைத் தொடச்சு வெக்கணும். பல்லுக்குள்ள சிமெண்டு காஞ்சா லேசுல போகாது.”

அல்முட் எடுத்த தட்டுகளை மறுபடி மேஜையில் வைத்தாள். இர்ம்காட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா—”

“நான் ஒண்ணும் கேக்கல. நீ ஒண்ணும் சொல்லாத.”

நவம்பர் முதல் வாரம் ராணுவப் பயிற்சி. வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் அந்த வருடம் முன்னறிவிப்பு வரவில்லை. அதிகாலையில் தொலைபேசி அடித்தது. எட்டு மணிக்கு எவால்ட் முகாமில் இருந்தார். கேப்டனின் முகத்தில் சவரம் இல்லை. நிஜமா, பயிற்சியா என்று அவருக்கே சரியாகத் தெரியாததுபோல் பேசினார். “அமெரிக்கக் குழு ஒண்ணு வருது. ஒரு குழி காட்டணும். சீட்டுப் போட்டு எடுத்தாங்க.”

“எந்தக் குழி கேப்டன்?”

“உங்க ஊரு. நடுக்குழி.”

நான்கு அமெரிக்கர்கள் மூடிய லாரியில் பச்சை நிறப் பீப்பாய் ஒன்றை எல்லர்பாக் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். அது டம்மி என்று சொன்னார்கள். ஆனால் பீப்பாயின் பூட்டைத் திறக்க இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய கறார், டம்மிக்கானதாகத் தெரியவில்லை. சார்ஜண்ட் ஒரு கறுப்பர், எவால்டின் வயதுக்குப் பாதி. ஜெர்மானியத் தாய்க்குப் பிறந்தவன், ஜெர்மன் நன்றாகவே பேசினான்.

“இது என்ன ஊரு பெரியவரே?”

“எல்லர்பாக்.”

“உங்க வீடு எங்க இருக்கு?”

எவால்ட் கை நீட்டினார். “அதோ, பச்சைக் கதவு. புகை வருதே, அந்த வீடு. என் பொஞ்சாதி சூப் வெக்கிறா.”

சார்ஜண்ட் புகையைப் பார்த்தான். பிறகு பீப்பாயைப் பார்த்தான். “சீக்கிரம் முடிச்சிருவோம்” என்றான், யாரையும் பார்க்காமல்.

எவால்டுக்குத் தப்பிக்க வழி இருந்தது. இப்போதுதான் பார்ப்பவர்போல் அதிர்ந்து, ‘போராட்டக்காரர்கள்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் திருகாணியில் கீறல் இல்லை என்பதை எந்த மடையனும் கண்டுபிடித்துவிடுவான். இரண்டு சாவி. அவற்றில் ஒன்று இருந்த வீட்டில் ஒரு மகள். ஊர்வலங்களில் போலீஸ் எடுத்த புகைப்படங்களில் அவள் முகம் இருக்கும். மூடியைத் தூக்குவதற்குள் அவர் முடிவெடுத்துவிட்டார்.

கேப்டன் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “லோட்ஸ். இது என்ன?”

“சிமெண்டு, கேப்டன்.”

“சிமெண்டுன்னு எனக்கும் தெரியுது. யாரு ஊத்தினது?”

“நான்தான்.”

சார்ஜண்ட் தன் ஆட்களிடம் மெதுவாக ஏதோ சொன்னான்; அவர்கள் பீப்பாயை மறுபடி லாரியில் ஏற்றினார்கள். ஏறும் முன் சார்ஜண்ட் எவால்டின் தோளை ஒரு விநாடி தொட்டான். கேப்டன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

பதினோரு நாள் விசாரணை. ஜன்னல் இல்லாத அறையில், சாதாரணக் கோட்டு போட்ட இருவர். குழியைப் பற்றி முதல் நாள் மட்டும் கேட்டார்கள். மீதிப் பத்து நாளும் கெர்லிண்டேயைப் பற்றித்தான்.

“அக்கா மூலமா யாரு பேசினாங்க?”

“யாரும் பேசல. ஒன்பது வருஷமா கடிதமே இல்ல.”

“கடிதம் நின்னது ஏன்? வேற வழி கெடச்சதாலயா?”

“நான் போகல. அவளுக்குக் கோபம்.”

“மைத்துனர் கட்சிக்காரர். நீங்க ரஷ்யாக்காரன் வர்ற ரோட்டைக் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க. நாங்க என்ன நெனைக்கிறது?”

“நெனைக்கிறதை நெனைங்க.”

ஆறாவது நாள் ஒருவர் ஒரு புகைப்படத்தை மேஜையில் வைத்தார். எல்லைக் கோபுரத்திலிருந்து நீண்ட லென்ஸ் வைத்து எடுத்தது. லிண்டன்ஹைன் தெரு. துணிப்பையுடன் ஒரு பெண் நடந்து போகிறாள். தலை முழுக்க நரைத்து, இடது கையில் கோல். எவால்ட் முதலில் யாரென்று தெரியாமல் பார்த்தார். பிறகு அந்தப் பை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த விதம், தோள் தூக்கியிருந்த விதம். உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கி வந்த அதே தோள்.

“இவங்கதானே?”

“கால்ல என்ன?” என்று கேட்டார் எவால்ட்.

“என்னது?”

“கோல் வெச்சிருக்காளே. கால்ல என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை. இந்தப் படத்தை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது என்றார்கள்.

உளவு பார்த்ததற்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. வேலையிலிருந்து நீக்கினார்கள், நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனை கொடுத்து நிறுத்தி வைத்தது. அல்முட் இரண்டு முறை உண்மையைச் சொல்லப்போவதாகக் கிளம்பினாள். எவால்ட் வாசலை மறித்து நின்றார். “ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்” என்றார். அவள் ஆசிரியை ஆனாள். ஆனால் அதன் பிறகு அந்த வீட்டில் அவள் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதாக இர்ம்காட்டுக்கு நினைவில்லை. ஊரில் பாதிப் பேர் எவால்டைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ‘ரஷ்யாக்காரனுக்குக் கதவு திறந்துவிட்டவன்’ என்று மதுக்கடையில் ஒருவன் காதுபடச் சொன்னான். இன்னொரு பக்கம், விடிந்து பார்த்தால் வாசலில் யாரோ ஒரு கூடை ஆப்பிள் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

டிசம்பரில் இயந்திரத்தோடு ஆட்கள் வந்து நடுக்குழியின் கான்கிரீட்டை மூன்று நாள் குடைந்து எடுத்தார்கள். சமையலறை அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. நான்காம் நாள் புது மூடி போட்டார்கள். எவால்ட் மர ஆலை ஒன்றில் காவல்காரராகப் போனார்.

எண்பத்தேழு ஜூனில் ஒரு தபால் அட்டை வந்தது. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அதே சாய்ந்த கையெழுத்து. ‘அறுபது முடிந்தது. ஓய்வூதியக்காரர்களை விடுகிறார்கள். வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன்.’

அறுபது வயதான பெண்கள் திரும்பி வராவிட்டாலும் அந்த அரசாங்கத்துக்கு நஷ்டமில்லை. அதனால் விட்டது. மூன்று கிலோமீட்டரைக் கடக்க அவள் நூற்றைம்பது கிலோமீட்டர் சுற்றி, இரண்டு ரயில் மாறி வந்தாள். நடைமேடையில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“கெழவனாயிட்டியேடா” என்றாள் கெர்லிண்டே.

“கால்ல என்ன?” என்றார் எவால்ட்.

“இடுப்பு. குளிர்ல விழுந்தேன். கோலைக்கூட வீட்டுலயே விட்டுட்டு வந்தேனே, கால்ல ஏதோன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அதைச் சொல்லப் போய்த்தான் எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று மாலை சமையலறையில், இர்ம்காட் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்க, எவால்ட் முதன்முறையாகத் தன் வேலை என்ன என்று அக்காவிடம் சொன்னார். ஏன் வரமுடியவில்லை என்று சொன்னார். மூடிகளைப் பற்றிச் சொன்னார். சிமெண்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ‘நான்’ என்றே சொன்னார்.

கெர்லிண்டே குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, “மூணு குழி. நடுவுல உள்ளது அகலம்” என்றாள்.

எவால்ட் நிமிர்ந்தார்.

“எழுபத்துநாலுல உளவுத்துறைக்காரங்க என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. மேஜைமேல வரைபடம். உன் குழி அத்தனையும் அதுல இருந்துச்சு, நம்பர் போட்டு. ‘உங்க தம்பியோட வேலை இது, தெரியுமா’ன்னான். தெரியாதுன்னேன். ‘அவரை ஒருநாள் காப்பி குடிக்க வரச் சொல்லி எழுதுங்க. ரொம்பப் பாசமா எழுதுங்க. வந்தா நாங்க பேசிக்கிறோம்’னான்.”

“நீ—”

“நீ வந்திருவன்னு எனக்குப் பயம். நான் அழுது எழுதினா நீ எந்த உத்தரவையும் மதிக்க மாட்ட. உன்னை எனக்குத் தெரியாதா? அதான் அப்படி எழுதினேன். இர்ம்காட்டையும் வர வேணாம்னேன். அவ வந்தா அவளைப் புடிச்சுப்பாங்க.”

இர்ம்காட் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

“அந்தக் கடிதத்தையும் அவங்க படிச்சாங்க” என்றாள் கெர்லிண்டே. “அதனாலதான் என் பையன் ஃபோல்கருக்கு எஞ்சினியர் படிப்பு கெடைக்கல. உப்புச் சுரங்கத்துல எறங்குறான். ஆர்னோ ஒரு வருஷம் என்கூடப் பேசல. அப்புறம் பேசினார். கட்சிக் கூட்டத்துக்குப் போறதை நிறுத்திட்டார். கேட்டா முதுகு வலின்னு சொல்லிருவார்.”

எவால்டுக்கு அழுகை வந்தது. ஆனால் அவள் ‘முதுகு வலி’ என்று சொன்ன விதத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து மூச்சு முட்டி இருமினார். அவள் எழுந்து வந்து முதுகைத் தடவினாள்.

“அக்கா, இங்கயே இருந்துரேன்.”

“பையனை எங்க விட்டுட்டு?”

“அது சரிதான்.”

“அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு எவால்ட்” என்றாள் அவள். “நீ ரகசியம்னு பொத்திப் பொத்தி வெச்சியே, அதுக்காகவா இத்தனை வருஷம்? அவனுங்களுக்கு அளவு உட்படத் தெரியும். எங்க ரோட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு உங்க ஆளுங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். தெரியாதது நமக்குத்தான்.”

பத்து நாள் இருந்தாள். கிளம்பும் நாளில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பெரிய சாலைச் சந்திப்பில் கார் நின்றுவிட்டது. அமெரிக்க டாங்கிகள் கோடைப் பயிற்சிக்காகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, முடிவே இல்லாமல். காரின் தரை அதிர்ந்தது. கெர்லிண்டே மடியில் இருந்த காப்பிப்பொடிப் பொட்டலத்தை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு டாங்கியின் மேலிருந்த பையன் கையசைத்தான். அவளும் கையை உயர்த்தினாள்.

“இவனுக்குப் பத்தொன்பது இருக்குமா?”

“இருந்தா அதிகம்.”

“எங்க பக்கம் வர்ற ரஷ்யப் பையங்களும் இதே வயசு. பயிற்சிக்கு வந்தா பசிக்குதுன்னு கதவைத் தட்டுவானுங்க. ரொட்டி குடுப்பேன்.” பொட்டலத்தை மடியில் சரிசெய்தாள். “போன மாசத்துலேருந்து அவனுங்க வண்டி ராத்திரி பகலா ஓடிட்டே இருக்கு. இது மாதிரிதான். ஜன்னலெல்லாம் ஆடும். ஆர்னோ, பயிற்சிதான்னு சொல்றார்.”

“இங்கயும் பயிற்சின்னுதான் சொல்றாங்க” என்றார் எவால்ட்.

கடைசி டாங்கி போனபோது ரயிலுக்கு ஆறு நிமிடம் இருந்தது. ஓடினார்கள், அவளால் ஓட முடியவில்லை, எவால்ட் அவளைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு படியேற்றினார். இர்ம்காட் பைகளை ஜன்னல் வழியே கொடுத்தாள்.

“அடுத்த வருஷம் வருவேன்” என்றாள் கெர்லிண்டே. “விட்டாங்கன்னா.”

“யாரு விட்டா?”

“ரெண்டு பக்கத்துக்காரங்களும்தான்.”

ரயில் நகர்ந்தது. தண்டவாளம் கிழக்கே வளையும் இடத்தில் மறைந்த பிறகும் எவால்ட் நடைமேடையிலேயே நின்றார். தூரத்தில் டாங்கிகளின் உறுமல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அல்லது கிழக்கிலிருந்து வேறு ஏதாவதோ. இர்ம்காட் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பி நடந்தார்.